இரவல் நெருப்பு

பிப்ரவரி மாதத்துக் குளிரில், வெர்மான்ட் மலையில், எரிகிற அடுப்பைத் தன் கையாலேயே அணைத்தவள் அந்த ஊரில் லொவினா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கங்குகளையெல்லாம் வாரி, வாசல் பனியில் கொட்டிவிட்டு வந்தாள். புருஷன் ஹார்லன் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து ஆறிப்போன பீன்ஸைத் தின்றுகொண்டிருந்தான்.

"எழுத்தாளருன்னா பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்கம்பாங்க. எனக்கு வாச்சது புருஷன விறைக்கப் போட்டு வேடிக்கை பாக்குது."

"தீப்பெட்டியத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்," என்றாள் லொவினா.

அவன் தொடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவளுடைய கூத்துக்கெல்லாம் ஈடு கொடுத்தவன். ஆட்டுக் கொழுப்பில் சோப்புக் காய்ச்சுகிறேன் என்று வீட்டையே நாற அடித்தபோதும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் துணி தைப்பேன் என்று ஒரு மாதம் விளக்கைப் போட விடாமல் வைத்திருந்தபோதும், முணுமுணுத்ததோடு சரி.

லொவினா பதினாலு வயதில் கம்பளி மில்லுக்கு நூற்கப் போனவள். சின்ன வயதில் எழுத்தெல்லாம் அவள் கண்ணுக்கு எறும்பு மாதிரி ஊர்ந்தது. வாத்தியாரம்மா கைவிட்டுவிட்டாள். முப்பது தாண்டின பிறகு, மகள் முதல் வகுப்புப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே தானும் படித்துக்கொண்டாள். படிப்பு வந்ததும் பசியும் வந்தது. மில் விட்டு, இடுப்புக் கழன்றுபோகிற வலியோடு வந்து, அதே மேசையில் எழுதத் தொடங்கினாள். எழுதினது எல்லாம் முன்காலத்துப் பிள்ளைகளின் கதை. கால்வாய்க் கரையில் கோவேறு கழுதை ஓட்டின பிள்ளை, செங்கல் சூளையில் மண் சுமந்த பிள்ளை. தளபதிமார்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளைகளை யார் கேட்கிறார்கள் என்பாள். மூன்று புத்தகம் வந்தாயிற்று. அவளுக்கு இருந்த வைராக்கியம் ஒன்றே ஒன்று: தன் கை செய்து பார்க்காததைக் காகிதத்தில் வைப்பதில்லை.

நாலாவதில் அந்த வைராக்கியம் சறுக்கிவிட்டது.

தீக்குச்சி வராத காலத்துக் கதை அது. ஒன்பது வயது டார்கஸின் வீட்டில் அடுப்பு அவிந்துபோகிறது. அப்பா காட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். டார்கஸ் மேட்டு வீட்டுக்குப் போய் நெருப்பு இரவல் வாங்கி, பனிக்காற்றில் வாளியோடு ஓடி வருகிறாள். இதை எழுதின சமயம் லொவினாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. நடந்து பார்க்காமலே எழுதிவிட்டாள். பாஸ்டனில் இருக்கிற பதிப்பகத்தாருக்கு அந்த அத்தியாயத்தின் மேல்தான் உயிர். அட்டைப்படமே வரைந்துவிட்டார்கள்: புயல், சிறுமி, திறந்த வாளியில் கொழுந்து விட்டெரிகிற நெருப்பு.

போன வாரம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில், அச்சுக்குப் போகும் முன் எப்போதும் வாசிப்பதுபோல, நாலாம் வகுப்புக்கு அதை வாசித்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "காத்துல அணையாதா?" என்று கேட்டாள். அணையாது என்று சொல்லிவிட்டு வந்த லொவினாவுக்கு அன்றிலிருந்து தொண்டையில் முள். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் புத்தகம் அச்சேறும். மாற்ற வேண்டும் என்றால் இந்த வருஷம் வராது. இந்த வருஷம் வராததை அடுத்த வருஷம் யாரும் தேடப்போவதில்லை. அவளுக்கும் அறுபத்து நாலாகிறது.

புதன்கிழமை காலையில்தான் அடுப்பை அணைத்தாள்.

மேட்டு வீட்டில் ஓடெட் இருந்தாள். கனடாவிலிருந்து மில் வேலைக்கு இறங்கி வந்த பிரெஞ்சுக் குடும்பத்துக்காரி. லொவினாவுக்கு அடுத்த எந்திரத்தில் நின்றவள். நெருப்பு வேண்டும் என்றதும் தீப்பெட்டியை நீட்டினாள். கங்குதான் வேண்டும் என்றதும் லொவினாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மில்ல மூடுனப்பவே உனக்கு மண்டையில ஏதோ கழண்டுருச்சுன்னு சொன்னேன்டி. ஒருத்தரும் நம்பல."

முதலில் அட்டைப்படத்தில் இருக்கிற மாதிரியே திறந்த வாளியில் கொண்டுபோனாள். சர்ச் வளைவு வருவதற்குள்ளேயே காற்று அதைக் கரியாக்கிவிட்டது. திரும்பி ஏறினாள். ஓடெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடி போட்ட இரும்புச் சட்டியில் புதுக் கங்கு அள்ளிக் கொடுத்தாள்.

இப்போது காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் சர்ச் வளைவில், இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. பாகு காய்ச்சுவதற்குச் சாறு வடிய வாளி தொங்கவிட்டிருந்த மேப்பிள் மரங்களுக்குக் கீழே ஒரு தரம் பார்த்தாள். கொஞ்சம் மங்கியிருந்தது. ஊதினாள். பதற்றத்தில் பாலத்தில் மறுபடி பார்த்தாள், மறுபடி ஊதினாள்.

வீட்டில் ஹார்லன் சட்டென்று பற்றிக்கொள்கிற பூர்ச்ச மரப் பட்டையைக் கிழித்து, சுள்ளி அடுக்கித் தயாராக வைத்திருந்தான். சட்டியில் இருந்தது வெறும் கரி. கன்னம் வலிக்க ஊதிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வழியில திறந்து பாத்தியா? திறக்கத் திறக்கச் சூடு போயிருமே."

அவள் கையுறையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு வயசாயி எனக்கே மனசு அடங்கலையேய்யா. ஒம்போது வயசுப் புள்ளைக்கு எப்படி அடங்கும்? அவ பாத்திருப்பா. பாத்துப் பாத்தே அணைச்சிருப்பா."

காற்று அல்ல, அந்தப் பிள்ளையின் ஆசைதான் நெருப்பைத் தின்றிருக்கும். அத்தியாயம் பொய் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வாளியை மாற்றி எழுதினால் போதாது. டார்கஸையே மாற்றி எழுத வேண்டும்.

"சரி, அணைஞ்சு போச்சு. அப்புறம் என்ன பண்ணுவா அவ?" என்றான் ஹார்லன்.

"திரும்பப் போவா."

சொல்லிக்கொண்டே எழுந்து, கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. ஹார்லன் தீப்பெட்டி இருந்த அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. சீக்கிரம் வா, நீ வரும்போது குளிரில் என் மூக்கு கழன்று கீழே விழுந்து கிடந்தால் பொறுக்கி வை என்று மட்டும் சொன்னான்.

இந்தத் தடவை ஓடெட் கேலி பேசவில்லை. சட்டியில் கங்குகளைப் போட்டு, அதன் தலையில் அடுப்புச் சாம்பலை அகப்பை அகப்பையாகக் கொட்டினாள். "இதையும் சேத்து எடுத்துட்டுப் போ, எனக்கு அள்ளுற வேலை மிச்சம்," என்றாள்.

சாம்பல் போட்டதும் சட்டி செத்த மாதிரி ஆகிவிட்டது. சூடு தெரியவில்லை, புகை இல்லை. லொவினா நடந்தாள். சர்ச் வளைவில் விரல் தானாக மூடிக்குப் போனது. அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மில்லில் நாளெல்லாம் நின்ற கால்தான், ஆனாலும் இப்படி ஒரு வேலையை அவள் செய்ததில்லை. சட்டியைச் சுமப்பதைவிட அதைப் பார்க்காமல் இருப்பதுதான் கனத்தது. பாலத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே ஒரு தரம் பார்த்தால் என்ன என்று மனசு கெஞ்சியது. உள்ளே எதுவுமே இல்லாமல் இவ்வளவு தூரம் சுமக்கிறோமோ என்ற பயம். படுக்கையில் கிடக்கிற அம்மாவையும் பச்சைப் பிள்ளையையும் நினைத்தாள். அவர்களை அவளே உண்டாக்கினாள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நடந்தாள்.

ஹார்லன்தான் மூடியைத் திறந்தான். உள்ளே சாம்பல், சாம்பலைத் தவிர ஒன்றுமில்லை. லொவினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கரண்டியால் கிளறினான். அடியில், பூனைக்கண் மாதிரி, ஒன்று சிவப்பாக விழித்துப் பார்த்தது. பூர்ச்சப் பட்டையை வைத்தான். பற்றிக்கொண்டது.

இரண்டு பேரும் கையை நீட்டிக் காய்ந்தார்கள்.

அன்று பகல் பூராவும், மறுநாளும் எழுதினாள். வெள்ளிக்கிழமை பாஸ்டனுக்குத் தொலைபேசி செய்தாள். பதிப்பகத்தில் அவளுடைய புத்தகத்தைப் பார்க்கிறவள் மிரியம், மகள் வயதுதான். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் இறங்கிப்போயிற்று. படம் வரைந்தாகிவிட்டது என்றாள். அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது என்றாள்.

"அதோட, அந்தக் குழந்தை தோத்துப்போறா. அதை யாரு படிக்க விரும்புவாங்க, லொவினா?"

"ஒரு தடவை காதுல வாங்கும்மா. வேணாம்னு தோணுச்சுன்னா புத்தகமே வேணாம். பழசுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் வாசிப்பாள், மெதுவாக. கதையில் டார்கஸ் வெறும் கரியோடு வீட்டு வாசலில் நின்றாள். அழுதுகொண்டே மேடு ஏறினாள். சாம்பல் மூடின சட்டியோடு இறங்கினாள். பாலத்துக்கு வந்தாள். அவள் கை மூடியின் மேல் போயிற்று.

தாளைப் புரட்ட லொவினா நிறுத்தினாள்.

"திறக்காத," என்றாள் மிரியம், அந்தப் பக்கத்திலிருந்து, மூச்சு விடுகிற சத்தத்தில்.

பிறகு மிரியம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"படம் வரையறவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க மேல வாசிங்க."

ஹார்லன் ஒரு கட்டையோடு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தான். புதன்கிழமை இரவல் வாங்கின நெருப்பை இன்னும் அவியவிடவில்லை. அடுப்புக் கதவைக் கிறீச்சிடாமல் மெல்லத் திறந்து, கட்டையை உள்ளே வைத்தான். லொவினா அடுத்த வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.