சும்மா ஒரு போஸ்டர்

பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் சித்தப்பா. இறந்தவரின் பெயரை அல்ல. கீழே, ‘துயரத்துடன்’ என்பதற்கு அடுத்து வரும் தன் பெயரை.

மகள் பெரிதாக்கினாள். அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். சாயங்காலம் அவரை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். அதற்குள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் அந்த வீட்டில் டிசைனர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டதால், அவருக்கான இரங்கல் போஸ்டர் இயல்பாகவே மற்றவர் தலையில் விழுந்தது.

“சும்மா ஒண்ணு போட்டுக் குடும்மா. அஞ்சு நிமிஷ வேலை” என்று சித்தப்பா சொன்னது காலையில். இப்போது மதியம் தாண்டிவிட்டது.

அப்பாவுக்கே உறவுக்காரர்கள் மத்தியில் ‘அஞ்சு நிமிஷம்’ என்றுதான் பெயர். யார் வீட்டில் பிள்ளை உண்டானாலும் டாக்டருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். பிறந்ததும் அனுப்ப அட்டை வேண்டுமே. சித்தப்பா தொடங்கப்போவதாகச் சொன்ன கம்பெனிகளுக்கெல்லாம் லோகோ வரைந்தவர் அவர்தான். கம்பெனி ஒன்றும் வரவில்லை. லோகோக்கள் மட்டும் ஜாம்ஜாமென்று இருந்தன. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், பிடுங்கிய கையோடு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு ஒரு போர்டு வரைந்து தரும்படி கேட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. வாயில் பஞ்சு இருந்தது. பஞ்சு இல்லாத நாட்களிலும் அவர் மறுத்ததாகத் தகவல் இல்லை.

போஸ்டரைப் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். மாமா, கறுப்பு வேண்டாம், நீலம் போடு என்றார். அவர் கடைப் பலகை நீலம். அந்தக் கடையின் போன் நம்பரையும் ஓரமாகப் போட்டால் தப்பில்லை என்று நினைத்தார். அத்தைக்குப் படமே பிடிக்கவில்லை.

“அண்ணன் சிரிக்கிறாரே. செத்துப்போனவரு மாதிரியே இல்ல.”

வேறு படம் தேட வேண்டியதாயிற்று. தேடி முடித்து மகள் எழுந்தாள்.

“அப்பாகிட்ட கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன், சித்தப்பா.”

“அங்க உக்காந்து என்னம்மா செய்யப்போற? இத முடிச்சிட்டா எல்லாருக்கும் அனுப்பிடலாம். நீ பண்ணலன்னா வெளியாளு எவன் சும்மா பண்ணித் தருவான்?”

அவள் வாயில் பஞ்சு எதுவும் இல்லை. ஆனாலும் மறுபடி உட்கார்ந்தாள்.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். இத்தனை வருஷமாக ஓசி வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தவள். ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் அவளுக்கும் இதில் சந்தோஷம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். திரையில் தெரிந்த நீலத்தைச் சற்று நேரம் பார்த்தாள். மகளின் தோளில் கை வைத்தாள்.

“இன்னிக்கு இவ சும்மா இருக்கட்டும், தம்பி.”

“அதத்தான் அண்ணி நானும் சொல்றேன், சும்மா...” என்று ஆரம்பித்த சித்தப்பா பாதியில் நின்றார். அந்தச் சொல்லை ஆயுள் முழுக்கப் புழங்கியவர். அதற்கு இப்படி ஒரு பொருளும் உண்டு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

“அப்ப போஸ்டர்?”

“அஞ்சு நிமிஷ வேலைதானே? நீங்களே பண்ணிடுங்க.”

அவரும் தன் போனிலேயே செய்தார். அண்ணன் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, கடைசிக் காலத்தில் நல்ல சாப்பாடு என்று தூரத்து உறவினர்கள் நினைக்கும்படி இருந்தது. முகத்துக்கு நேர் கீழே சித்தப்பாவின் பெயர் பெரிதாக இருந்ததால், இரண்டு பேர் சித்திக்குப் போன் செய்து தேறுதல் சொன்னார்கள். சித்தி அவர்களுக்கு நன்றி சொன்னாள்.

மகள் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி இடது பக்கம் நாலு விரல் கூடுதலாகத் தொங்கியது. அதைச் சரிசெய்ய அவள் கை நீண்டது.

வாசலில் வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கை மடிக்குத் திரும்பி, அங்கேயே சும்மா கிடந்தது.