ஒரு பருவத்துக்கு மட்டும்

ஒரு பருவத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டு எல்ஸ்மியர் கழகத்துக்கு வந்த சுபாங்கி, தன் முதல் ஆட்டத்தில் கூடையை நோக்கிப் பாய்ந்தவள் கீழே வரவில்லை. வளையத்துக்குப் பக்கத்தில், பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றாள். அவிழ்ந்திருந்த தலைமுடியை நிதானமாக முடிந்தாள். பிறகு பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டு, மாடிப்படி இறங்குபவள்போல இறங்கி வந்தாள். எதிரணி முறையிட்டது. நடுவர்கள் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பந்தோடு எத்தனை அடி வைக்கலாம் என்று அதில் இருந்தது. பாய்ந்தவர் எப்போது தரைக்குத் திரும்பவேண்டும் என்று எங்கும் இல்லை. புள்ளி செல்லும் என்றார்கள். பார்க்க வந்த சனத்தில் பாதிப்பேர் உடனே கைதட்டினார்கள். மீதிப்பேர் கையில் இருந்த றோல்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டினார்கள்.

ரொறன்ரோத் தமிழ்ப் பெண்கள் கூடைப்பந்தில் எல்ஸ்மியர் கழகம் அதுவரை கப் எடுத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அரையிறுதிவரை போவதும், பிறம்ரன் அணியிடம் தோற்று வீடு திரும்புவதும் அதன் வழக்கம். அணித் தலைவி வேரோனிக்கா. யூனியன்வில்லில் ஒரு பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கழகத்தில் சேர்ந்தவள். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளை தவழத் தொடங்குமுன் திரும்பி வந்து விளையாடியவள். அவளோடு யாரும் ஒப்பந்தம் எழுதியது கிடையாது. அடுத்த வருஷம் வருவாயா என்று கேட்டதும் கிடையாது. வெயில் போனால் குளிர் வரும் என்பதைப்போல, செப்ரெம்பர் வந்தால் வேரோனிக்கா வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கழகத் தலைவர் அமிர்தநாதர் ஸ்காபரோவில் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். ஐரோப்பாவில் சுபாங்கி விளையாடிய அணி கலைந்துபோனது என்று கேள்விப்பட்ட அன்றே அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். சுபாங்கி எங்கேயும் ஒரு பருவத்துக்கு மேல் எழுதிக் கொடுத்ததில்லை, இங்கேயும் அப்படித்தான் என்றாள். பிறம்ரனும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் விலகுவதானால் எல்ஸ்மியரின் இரண்டு இளம் ஆட்டக்காரிகளைத் தங்களிடம் விடவேண்டும் என்றார்கள். துவாரகா, தீப்தி என்ற அந்த இருவரையும் பந்து பிடிக்கப் பழக்கி எடுத்தவள் வேரோனிக்கா.

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பாப்பம் பிள்ளை. இந்த வருசம் எங்களுக்குக் கப்," என்று வேரோனிக்காவிடம் சொல்லி, அமிர்தநாதர் இருவரையும் விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து கழகத்தில் அடுத்த வருஷம் என்ற பேச்சு நின்றுபோனது.

அணி வென்றுகொண்டே போனது. ஆட்டத்தின் முறையும் மாறியது. பந்தைக் கைக்குக் கை மாற்றி இடம் தேடும் பழைய ஆட்டம் போய், சுபாங்கி எங்கே நிற்கிறாள் என்று அண்ணாந்து பார்த்து மேலே எறிவதே ஆட்டம் என்றாயிற்று. வீட்டுக்கு வீடு அவளுக்கு நண்டுக் கறி சமைத்தார்கள். அவள் எப்போதும் ஏழாம் எண் சட்டைதான் போடுவாள் என்றதும், அதுவரை ஏழாம் எண் போட்டிருந்த வேரோனிக்கா சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கிழமைதான் அவளுக்குப் பாரம் ஏறத் தொடங்கியது.

தராசில் நின்றால் பழைய நிறையைத்தான் காட்டியது. ஆனால் அவள் ஏறினால் லிஃப்ட் மணியடித்து நகர மறுத்தது. வேலையில் அவள் உட்காரும் உருளைக்கதிரை உருளாமல் நின்றது. குடும்ப வைத்தியர் இரத்தம் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, மனதில் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். பிறம்ரனில் லொறிகளை அனுப்பும் வேலை பார்த்த அவள் கணவன் பிரவீனன் பாரங்களைப் பற்றி அறிந்தவன். ஒருநாள் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"உம்மட பக்கத்து ரயர் ரெண்டும் தேஞ்சு போச்சுது."

"என்னிலையோ பிழை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா நீர் உந்தப் பாரத்தைக் கதைச்சு இறக்கி வைக்கலாம்."

அவள் கதைக்கவில்லை. சுபாங்கி தவறவிட்ட பந்து ஒவ்வொன்றும் அவள் நாக்கில் சீனியாய் இனித்தது. இனித்துக் கரையுமுன் வெட்கமாய் இருந்தது. வெட்கம் மேலும் பாரமாக இறங்கியது. சுபாங்கி தண்ணீர் குடிக்கும் விதம்கூட அவளுக்கு எரிச்சல் மூட்டியது. பயிற்சி முடிந்ததும் அமிர்தநாதர் அந்தரத்தில் நிற்கும் சுபாங்கியின் கால்மாட்டில் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சுவதைப் பார்த்தபோதுதான் உயிரோடு தோலை உரித்ததுபோல இருந்தது. அந்தப் பெரிய மனிதர் இருகையையும் பிசைந்தபடி அண்ணாந்து நின்றார். வேரோனிக்கா கதிரைகளை அடுக்கிவிட்டு ஜிம்மைப் பூட்டினாள். அவள் நின்று விளையாடிய இடங்களில் மரத்தரை கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

பருவம் குறையக் குறையச் சுபாங்கி இலேசாகிக்கொண்டு போனாள். பனி உருகும் காலத்தில் அவள் தரைக்கு வருவதே அரிதாயிற்று. சாப்பிடும்போது கால்களை மேசைக்காலில் கொளுவிக்கொண்டாள். ஒப்பந்தம் ஏப்ரல் முடிவோடு தீர்ந்தது. இறுதி ஆட்டம் அதற்கு முன்னால் நடக்க இருந்தது. ஆனால் ஜிம்மில் தண்ணீர்க்குழாய் வெடித்து, ஆட்டம் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. அமிர்தநாதர் ஒரு கிழமைக்கு நீட்டித் தரச் சொல்ல, சுபாங்கி மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டாள். அவளுடைய உடம்பு அதை ஏற்கவில்லை. மே முதலாம் திகதி அவள் ஜிம்மின் கூரையில், விளக்குகளுக்கிடையே முதுகு முட்டக் கிடந்தாள். வலை எறிந்து இழுத்தார்கள். நாலுபேர் பிடித்தும் நாலுபேரும் சேர்ந்து எழும்பினார்கள். அப்போது எல்லோரும் வேரோனிக்காவைப் பார்த்தார்கள்.

"நீ பிடிச்சால் நிப்பாள், பிள்ளை," என்றார் அமிர்தநாதர்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அதுவும் இன்னொருத்தியைப் பிடித்து வைப்பதற்கு. வேரோனிக்கா கையை நீட்டி வலையைப் பிடித்தாள். சுபாங்கி கீழே வந்து நின்றாள்.

ஞாயிறு பின்னேரம் ஜிம்மில் நிற்க இடமில்லை. எல்ஸ்மியரின் இரு பெண்கள் கைகோத்துக்கொண்டே ஆட்டம் முழுவதும் ஓடினார்கள். சொந்த அணிக்காரியைப் பிடிக்கக் கூடாது என்றும் புத்தகத்தில் இல்லை. வேரோனிக்கா வைத்த ஒவ்வொரு அடிக்கும் பலகை முனகியது. பிறம்ரனுக்காகத் துவாரகாவும் தீப்தியும் ஆடினார்கள். அவர்கள் போட்ட ஒவ்வொரு புள்ளியிலும் வேரோனிக்கா தான் சொல்லிக்கொடுத்த கைத்திருப்பத்தைக் கண்டாள். கடைசி விநாடிகளில் பிறம்ரன் ஒரு புள்ளி முன்னால் நின்றது. பந்து சுபாங்கியிடம் வந்தது. துவாரகாவும் தீப்தியும் கைகளை உயர்த்தி வளையத்தை மறைத்து நின்றார்கள்.

"விடுங்கோ அக்கா," என்றாள் சுபாங்கி.

வேரோனிக்கா விடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் தின்ற எரிச்சல் அத்தனையும் இப்போது அவளுடைய ஐந்து விரல்களில் வந்து இறுகியது. விட்டால் கப் சுபாங்கியுடையது. பிடித்துக்கொண்டால் எல்ஸ்மியரில் யாருக்கும் இல்லை, காரணமும் யாருக்கும் தெரியவராது.

"அடுத்த வருசம் நிப்பியோ?"

"இல்லையக்கா. மொன்றியலுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"இவ்வளவு பேர் கெஞ்சியும்?"

"கெஞ்சுறதை விட்டிட்டினம் எண்டால் எனக்கு ஓரிடத்திலை இருக்கேலாது அக்கா. அதுக்கு முன்னம் வெளிக்கிட்டிடுவன்."

இவ்வளவும் அந்தச் சில விநாடிகளுக்குள் பேசி முடிந்தது என்று கடிகாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பிற்பாடு உறுதிப்படுத்தினார். இதைக் கேட்டு வேரோனிக்காவின் பொறாமை குறைந்ததாகச் சொல்ல முடியாது. இப்படிச் சொல்லக்கூடத் தனக்கு வாய்க்கவில்லையே என்று கூடத்தான் செய்தது. ஆனால் இவளை அறியுமுன்பே, பிள்ளை பிறக்குமுன்பே, அந்தக் கப்பின்மேல் ஆசைப்பட்டவள் அவள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

சுபாங்கி நேரே மேலே போனாள். வளையத்தைத் தாண்டியபோது பந்தைக் கிணற்றுக்குள் வாளி விடுவதுபோலக் கீழே விட்டாள். அது எதிலும் படாமல் விழுந்தது. மணி அடித்தது. அவள் நிற்கவில்லை. ஜிம் காவலாளி கூரைச் சாளரத்தைத் திறந்துவிட, அந்த வழியாகக் கையசைத்துக்கொண்டே வெளியேறினாள். 401 நெடுஞ்சாலைக்கு மேலாக அவள் கிழக்கே போனதை வாகனக்காரர் பலர் கண்டார்கள். கொஞ்சம் வெயிலில் கறுத்து, மற்றபடி சுகமாக வந்து சேர்ந்ததாக மொன்றியலிலிருந்து தகவல் வந்தது.

கப்போடு படம் எடுத்து முடிந்ததும், சனம் கலைந்துகொண்டிருக்கும்போது, அமிர்தநாதர் வேரோனிக்காவைத் தேடி வந்தார். சுபாங்கி போய்விட்டாள், இளையவர்கள் இருவரும் பிறம்ரனில், அடுத்த வருஷம் என்பது அன்றைக்குத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருகையையும் பிசைந்தார்.

"பிள்ளை, அடுத்த வருசம் நீ வருவாய்தானே?"

வேரோனிக்கா சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, திரும்பக் கட்டி, நிமிர்ந்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறன், அங்கிள்."

கோடை முழுவதும் யோசித்தாள். அமிர்தநாதர் கிழமைக்குக் கிழமை தொலைபேசி எடுத்தார். மாம்பழப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார். பிரவீனன் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "அவ இன்னும் யோசிக்கிறா அண்ணை," என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினான். மேல்மாடியில் வேரோனிக்கா கட்டிலில் சாய்ந்து மாம்பழம் சாப்பிட்டாள். அதைவிட இனிப்பான கோடை அவளுக்கு வாய்த்ததில்லை. செப்ரெம்பரில் பயிற்சிக்குப் போனாள்.

அந்த வருஷம் எல்ஸ்மியர் கடைசிக்கு ஒரு இடம் முன்னால் வந்தது. அடுத்த வருஷம் கடைசி. வேரோனிக்காவின் பாரம் இறங்கவில்லை. ஜிம்காரர் பலகைக்கு அடியில் இரும்புச் சட்டம் போட்டார்கள், எதிரணிகள் அவளைச் சுற்றி ஓடப் பழகிக்கொண்டன. சுபாங்கி மொன்றியலிலும் ஒரு பருவம்தான் இருந்தாள், அதன்பிறகு வேறெங்கோ. இடம் மாறும் காலங்களில் ஸ்காபரோவுக்கு மேலாலும் போவாள். கடைவாசலில் நிற்கும் சனம் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்து, "சுபாங்கி போறா," என்று சொல்லிவிட்டு மரக்கறி வாங்க உள்ளே போகும். வேரோனிக்கா மற்றவர்களைவிடச் சற்று நேரம் கூடுதலாகப் பார்ப்பாள். பிறகு காரைத் திறந்து, பால் பைகளை உள்ளே வைப்பாள்.