ஒப்புக்கொடுத்த பல்

அன்ரோனெற்றின் மேல்வாய் முன்பல்லில் ஓட்டை விழுந்தது தவக்காலத்தில். வேறு எந்த மாதத்தில் விழுந்திருந்தாலும் அந்தப் பல் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும்.

தலைமன்னாரில் தவக்காலம் வந்தால் ஆளாளுக்கு ஓர் ஒறுத்தல் வேண்டும். பெரும்பாலானவர்கள் இறைச்சியை விடுவார்கள். மூன்று நேரமும் மீன் தின்கிற வீட்டில் இறைச்சியை விடுவது ஒறுத்தலா, ஏமாற்றா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். அன்ரோனெற்றுக்கு அந்த விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய புருசன் மில்ரன் கடலால் வந்ததும் குடிப்பான். குடித்தால் வாயைத் திறப்பான். திறந்த வாயை மூட அரைவாசி ஊர் வரவேண்டும். அவன் குடியை விடவேண்டும் என்பதற்காக அந்த வருடம் அவள் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். தவக்காலம் முடிகிற உயிர்த்த ஞாயிறு வரைக்கும் என்ன நோவு வந்தாலும் முனகாமல் தாங்கி, அதை அவனுக்காக ஒப்புக்கொடுப்பாள். ஒருவருக்கும் சொல்லமாட்டாள். சொன்னால் பலன் போய்விடும்.

மன்னார் ரவுணில் பல் வைத்தியம் பார்க்கிற நிவேதிகா டொக்டர் இளம் பிள்ளை. வெளியே வாங்கில் இருக்க இடமில்லாமல் ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தாலும் கதிரையில் சாய்ந்திருந்த அன்ரோனெற்றுக்கு விளக்கமாகத்தான் சொன்னாள்.

“வேகமாச் சுத்திற மெசின் தண்ணியைப் பீச்சிக்கொண்டு குடையும், பல்லுச் சூடாகாது. எங்கட உப்புத் தண்ணி அதின்ர குழாயை அடைச்சுப்போட்டுது. இண்டைக்கு இந்த மெதுவான மெசினாலதான் குடையோணும், இதுக்குத் தண்ணி இல்லை. சூடு கூடினா உள்ளுக்க இருக்கிற நரம்பு செத்துப்போகும். அதுதான் விறைப்பு ஊசி போடேல்லை. சுட்டா உடன கையைத் தூக்குங்கோ, நான் நிப்பாட்டுவன். விளங்குதோ?”

“ஓம் டொக்டர்” என்றாள் அன்ரோனெற். விளங்கத்தான் செய்தது.

மெசின் உறுமியது. முதலில் வெறும் அதிர்வு. பிறகு சூடு ஏறியது. மூக்குத்தண்டால் ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. தலைமயிர் கருகுகிற மணம் வந்தது. கை தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. அவள் அதைக் கதிரைப் பிடியோடு சேர்த்து அழுத்தினாள்.

“சுடுதோ?”

இல்லையென்று தலையாட்டினாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. ஆனால் மனம் முழுக்கச் சந்தோசம். இவ்வளவு பெரிய நோவைக் கொடுத்தால் மாதா எப்படி இல்லையென்று சொல்லுவா? டொக்டரும் அந்தத் தலையாட்டலை நம்பி, விட்டு விட்டுக் குடையவேண்டியதை ஒரே மூச்சில் குடைந்து முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க மில்ரன் குடிக்கவில்லை. அன்ரோனெற் சமைக்கும்போது தனியாகச் சிரித்தாள்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் அவன் நிறை வெறியில் கோயில் வளவுக்குள் விழுந்து கிடந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைகாசி முடிவதற்குள் அன்ரோனெற்றின் பல்லும் கறுக்கத் தொடங்கியது.

டொக்டர் குளிர் மருந்தைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தாள். அன்ரோனெற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நரம்பு செத்துப்போச்சு. அண்டைக்குச் சுட்டதோ?”

“சுட்டது.”

“ஏன் கையைத் தூக்கேல்லை? உங்களை நம்பித்தானே குடைஞ்சனான்!” டொக்டரின் குரலில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது.

“குழாயைத் திருத்திப்போட்டு என்னை வரச் சொல்லியிருக்கலாமே, டொக்டர்” என்றாள் அன்ரோனெற். தன் பங்குப் பிழையை மட்டும் அன்ரோனெற்றால் சொல்ல முடியவில்லை. படித்த பிள்ளையிடம் நேர்த்திக் கதையை எந்த முகத்தோடு சொல்லுவது?

வீட்டில் மில்ரன் சோறு தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு வெறி இல்லை.

“என்னப்பா, பல்லுக் கறுத்துக் கிடக்கு?”

இனிப் பலன் போவதற்கு என்ன மிச்சம்? அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நேர்த்தியை, சூட்டை, மணத்தை, தூக்காத கையை. அவன் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தபடி கேட்டான்.

“அந்தக் கிழமை எனக்கு வயித்துக் குத்து” என்றான். “அதுதான் குடிக்கேல்லை. பல்லைச் சுடச் சொல்லி நான் உன்னைக் கேட்டனானோ?”

அவன் கேட்கவில்லைத்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. அன்ரோனெற் குசினிக் கதவோடு சாய்ந்து, இத்தனை நாளும் அடக்கியதெல்லாம் சேர்த்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் குழறி அழுதாள்.

மில்ரன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தான். உண்மையிலேயே இரங்கித்தான் கேட்டான்.

“பல்லு நோகுதோ?”

“செத்த பல்லு நோகாது” என்றாள் அவள்.