உள்தாழ்ப்பாள்

வீட்டை இடிக்கப் போவதில்லை, மாற்றிக் கட்டத்தான் போகிறோம் என்று நான் எல்லாரிடமும் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருடங்களுக்கு முன் நான் கூடவே நின்று கட்டிய வீடு. குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். குழாய் இணைப்பு ஒன்று கோணலாக இருந்தால்கூடப் பிரித்துப் போடச் சொல்லுவேன். அப்படிப்பட்டவன் கட்டிய வீட்டில் மாற்ற என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டேன்.

மகன் விரலை மடக்கினான். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறது. பின்னறையில் பழைய சாமான்களைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்றேன். ஆனால் வரைபடத்தில் என் கையெழுத்து விழாமல் ஒரு செங்கல்கூட அசையக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன். வீடு என் பெயரில் இருக்கிறது.

மருமகளோடு கல்லூரியில் படித்த ஒரு பெண் இன்ஜினியராக இருந்தாள். அவளையே அமர்த்தினார்கள். அளவெடுத்து முடித்ததும் வரையத் தொடங்குவாள் என்று பார்த்தால், வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா அது?" என்றேன்.

"எழுந்ததும் எங்க உட்காருவீங்க, எது இடைஞ்சலா இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் சார் வரைய முடியும்."

"நான் வீடு கட்டினப்போ என்னை யாரும் அப்படிக் கேக்கல."

"அதனாலதான் சார் இப்ப என்னைக் கூப்பிட்டிருக்கீங்க" என்று சிரித்தாள். பதில் சொல்லத் தெரிந்த பெண்.

என் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஹால் பெரிதாக வேண்டும், வந்தவர்கள் நெருக்கியடிக்காமல் உட்கார வேண்டும் என்றேன். என் மனைவியோடு அவள் சமையலறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அலமாரி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பேசுகிறார்கள் என்று நினைத்து நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வரைபடத்தோடு வந்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதில் விரித்தோம். நான், மனைவி, மகன், மருமகள், நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம். நாங்கள் கேட்டவற்றை அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் படித்து, படத்தில் அது எங்கே வருகிறது என்று பென்சிலால் காட்டினாள். ஹால் நான் கேட்டபடி இருந்தது. சமையலறையும் நன்றாக விரிந்திருந்தது. பிறகு பின்னறைக்கு வந்தாள்.

"பின்னறை, ஒருத்தருக்கு மட்டும் தனி அறை. ஒத்தைக் கட்டில். ஜன்னல் பக்கம் நாற்காலி. கதவுக்கு உள்தாழ்ப்பாள். தட்டாம யாரும் வரக்கூடாது."

நான் மருமகளைப் பார்த்தேன்.

"இந்த வீட்டுல கதவைச் சாத்திக்கிற பழக்கம் கிடையாதும்மா. என் தம்பிங்க, தங்கச்சி, அவங்க பிள்ளைங்க எல்லாரும் இங்க வந்து மாசக்கணக்குல இருந்திருக்காங்க. தட்டிட்டு வான்னு ஒருத்தரை ஒருத்தர் சொன்னதில்ல. உனக்கு என்ன குறை வச்சோம்?"

"மாமா, நான்..."

"உன் புருஷன் கூட ஒரு ரூம்ல இருக்க முடியாதுன்னா அதை எங்ககிட்ட சொல்லணும். வெளியில இருந்து வந்த பொண்ணுகிட்ட எழுதிக் கொடுக்கறதா?"

மருமகள் முகம் சிவந்தது. மகன் "அப்பா" என்றான். இன்ஜினியர் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்.

"அவளை விடுங்க. அது நான் சொன்னது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கல்யாணமான நாற்பத்து மூன்று வருடங்களில் நான் சொன்னதை அவள் திருத்தியது சாமான் பட்டியலில் மட்டும்தான்.

"நீ எதைச் சொன்ன?"

"அந்த ரூம். கட்டில், நாற்காலி, தாழ்ப்பாள் எல்லாம்."

இன்ஜினியர் பெண் படத்தைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, "நீங்க பேசி முடிவு பண்ணுங்க சார், நான் அப்புறம் வரேன்" என்று எழுந்தாள். அவள் செருப்பை மாட்டுகிற வரை என் மனைவி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் என் பெரியப்பா மகன் ஒருவன் தன் மனைவியோடு மனஸ்தாபப்பட்டு மாடியில் தனியாகப் படுத்தான். சண்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பேச்சு தீரவில்லை. அவன் பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டார்கள். அப்போது நான் எல்லார் முன்னாலும் சொன்னேன், என் வீட்டில் அப்படி ஒரு பேச்சு வராது என்று. இவளும் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மாலை அவள் பின்னறையில் பழைய பெட்டிகளைத் திறந்து, எடுத்துப் போவது, கழித்துவிடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். வேலை நடக்கும் நான்கு மாதமும் நாங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. நான் வாசலில் நின்றேன்.

"எதுக்கு உனக்குத் தனி ரூம்?"

"சும்மா உட்கார."

"சும்மா உட்கார ஒரு ரூமா? ஹால்ல உட்காரு. நான் என்ன எழுந்திரின்னா சொல்றேன்?"

"இந்த வீட்டுல நான் உள்ள இருந்து தாழ்ப்பாள் போடற ஒரே கதவு குளியலறைக் கதவுதான். அங்கயும் வெளியில நின்னு, என் கண்ணாடி எங்கன்னு கேக்கறீங்க."

"கண்ணாடியைக் கேக்கறது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொன்னேனா? கேக்கறீங்கன்னு சொன்னேன்."

ஒரு கிழிந்த விரிப்பை மடித்துக் கழிக்கும் பக்கம் போட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் என்றால் வரும், போய்விடும்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நேத்து வந்தவகிட்ட உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்க."

"அவ கேட்டா. சொன்னேன்."

"நான் கேக்கலைன்னு சொல்லிக் காட்டறியா?"

"உங்களுக்கு என்ன வேணும்னு என்னை அவ கேட்டப்போ, எனக்கு முதல்ல பதிலே வரல. ஹால் பெருசா வேணும்னு உங்க பதிலைத்தான் சொன்னேன். அது சார் சொன்னது, நீங்க சொல்லுங்கன்னா. அப்புறம்தான் வந்தது."

அடுத்த பெட்டியை இழுத்துத் திறந்தாள். நானும் நிற்கவில்லை.

ஒன்பது நாள் நான் கையெழுத்துப் போடவில்லை. வரைபடம் என் மேசை மேல் சுருட்டியபடி கிடந்தது. சாமான்கள் பாதி அட்டைப்பெட்டிகளில் ஏறிவிட்டன. மேஸ்திரி இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். மகன் எனக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் தபால்காரன் மாதிரி நடந்தான். அவள் எப்போதும்போல் நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள். உப்புக்கூடக் குறையவில்லை. எனக்குத் தெரியாத ஒருத்தி என் மனைவி மாதிரி வேலை செய்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

பத்தாம் நாள் நானே இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அறை இருக்கட்டும். தாழ்ப்பாளும் இருக்கட்டும். ஆனா படத்துல அந்த இடத்துல ஸ்டோர்னு எழுதணும். வேலைக்காரங்க பார்ப்பாங்க, சொந்தக்காரங்க பார்ப்பாங்க. நாலு பேர் கேக்கற மாதிரி இருக்கக்கூடாது."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே, "பேர்ல என்ன இருக்கு, எழுதிக்கட்டும்" என்றாள். ஸ்டோர் என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். குடும்பத்துப் பேச்சு நாலு சுவருக்குள் நின்றது என்று நினைத்தேன்.

சுவரில் குறி போடும் நாள் என் தங்கை புருஷன் வந்தான். எங்கள் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் காதில் விழுந்தது அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் போய்விடும். வீடு காலியாக இருந்தது. கடைசியாக இரண்டு பெட்டிகள் மட்டும் போகவேண்டியிருந்தன. மேஸ்திரி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், இடிக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தார். பின்னறைக்கு வந்ததும் ஜன்னலின் இரண்டு பக்கமும் பெரிதாகக் குறி போட்டார்.

"படத்துல ஜன்னல் காட்டியிருக்காங்க ஐயா. ஆனா ஸ்டோருக்கு எதுக்கு? சாரல் அடிக்கும், எலி வரும். அடைச்சுட்டு மூணு பக்கமும் சிமெண்ட் பலகை போட்டுடறேன். சாமான் நிறைய பிடிக்கும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தொழில் தெரிந்தவர். நானும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் மனைவி வாசலில் ஒரு பெட்டியை இடுப்பில் அணைத்தபடி நின்றாள். அந்தக் குறியைப் பார்த்தாள். இப்போது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் சொன்னவள்தானே. அவள் சொல்லவில்லை. பெட்டியைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ரேடியோ வரைபடத்தை எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஸ்டோருக்கு உள்தாழ்ப்பாள்னு போட்டிருக்கு? மூட்டையெல்லாம் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குமா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "அது எழுத்துப்பிழையா இருக்கும் ஐயா. வெளித்தாழ்ப்பாளா போட்டுடறேன்."

ஜன்னல் போயிற்று, இப்போது தாழ்ப்பாளும் போகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், என் வீடு பழையபடி இருக்கும். அவளும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஸ்டோர் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். நான் சொன்னதை வெளியாள் முன்னால் பொய்யாக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். என்னிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னவள் அவள்தான், ஊர் முன்னால் எனக்காக நிற்கிறவளும் அவள்தான். இதில் எவளை நான் வைவது?

"குறியை அழி" என்றேன்.

"எந்தக் குறி ஐயா?"

"ஜன்னல்ல போட்டது. ஜன்னல் அப்படியே இருக்கணும். தாழ்ப்பாள் உள்ளதான். இது ஸ்டோர் இல்ல. என் வீட்டுக்காரி ரூம்."

மேஸ்திரி உடனே துணியைத் தேடினார். ரேடியோ என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"தனி ரூமா? ஏன் மச்சான், உங்களுக்குள்ள ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. அவ கேட்டா, கட்டறேன். நீ போற வழியில எல்லா வீட்டுலயும் சொல்லிட்டுப் போ. நான் சொன்னா நல்லா இருக்காது, நீ சொன்னா கதை மாதிரி இருக்கும்."

அவன் ஒருமுறை கனைத்துவிட்டு, போன் வந்ததுபோல் பையைத் தடவிக்கொண்டு வெளியே போனான். இந்த வார முடிவுக்குள் என் தம்பிகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்ன சொல்லுவது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை.

என் மனைவி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் அதற்காகச் செய்யவில்லை.

"அம்மா, அப்ப கட்டில் எந்தப் பக்கம் வருது? அதைப் பார்த்துத்தான் சுவிட்சுக்குக் குறி போடணும்" என்றார் மேஸ்திரி.

"இந்தச் சுவரோரம். தலைமாட்டுல சுவிட்ச். நாற்காலியில உட்கார்ந்தா வெளியில அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல மரம் தெரியணும், அதனால ஜன்னல் அடிக்கட்டையை ஒரு சாண் இறக்குங்க. கதவு உள்பக்கமா திறக்கட்டும். இங்க ஒரு கொக்கி. இந்த மூலையில ஒண்ணும் வேண்டாம், காலியா இருக்கட்டும்."

ஒருமுறைகூடத் தயங்கவில்லை. ஒவ்வொரு இடத்தையும் கையால் தொட்டுக் காட்டினாள். இன்ஜினியர் பெண் கேட்ட பிறகுதான் வந்தது என்று என்னிடம் சொன்னாளே, அது ஒரு வாரத்தில் வந்த கணக்கு இல்லை. வருடக்கணக்காக அளந்து வைத்திருக்கிறாள். எதை வைத்து அளந்தாள், எப்போது அளந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.