தாழ்ப்பாளுக்கு உள்ளே

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பழக வந்தவர்கள் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தால், பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அலட்டிக்கொள்ளாமல் அழுத்திவிட்டு, "ஒண்ணும் ஆகல, மூச்சு விடுங்க" என்பாள். ஊரில் பாதிப் பேருக்குப் பயம் தெளிய வைத்தவள் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பிரசவ ஆஸ்பத்திரி இருக்கும் சாலை வருவதற்கு முந்தைய திருப்பத்திலேயே அவள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள்.

வயிற்றில் ஏழு மாதம். பரிசோதனைக்குப் போனாயா என்று கணவன் கேட்கும்போதெல்லாம், "போனேன், எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன பொய் ஒன்றோடு நிற்குமா? எடை ஏறியிருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் அக்கறையாக விசாரிக்க விசாரிக்க, அவளும் வாயில் வந்ததை அளந்துகொண்டே போனாள். உண்மையில் கர்ப்பத்தை உறுதி செய்துகொள்ளப் போனதோடு சரி. அதற்குப் பிறகு வாசல்வரை போவாள். உள்ளேயிருந்து மருந்து வாடை வந்து மூக்கில் ஏறும். அவ்வளவுதான். வந்த வழியே திரும்பிவிடுவாள்.

பிள்ளை பெறுவது அவளுக்குப் புதிதில்லை. புதிதாக இருந்திருந்தால் பரவாயில்லையே! மூத்தவள் பிறந்தபோது வலி ஓயாமல் இழுத்தடித்து, கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் உயிர் தங்கியது. இளையவளுக்கு அவசர அவசரமாக ஆபரேஷன். தாயும் சேயும் நலம் என்று வெளியே சொன்னார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு உயிரும் பிழைத்து வந்த பிறகு குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களோ என்று ஒரு தயக்கம். தயங்கித் தயங்கியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

மூன்றாவது, கேட்காமல் வந்தது. தெரிந்தபோதே கலைக்கிற நாள் கடந்திருந்தது. பிடிக்காத வேலை என்றால் விட்டுவிடலாம். பிடிக்காத வீடு என்றால் காலி செய்யலாம். இதை எங்கே போய் விடுவது? உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் அவள் அந்த அறையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை உதைக்கும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கோ யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். ஒருநாள் அந்தக் கதவு திறந்தாக வேண்டும். கதவே அவள்தான்.

இந்த நிலைமையில்தான் ஒத்தாசைக்கு என்று அவள் நாத்தனார் வந்து இறங்கினாள். கணவனின் அக்கா. சினிமா தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. எத்தனை பெரிய கூட்டத்தையும் ஒரு முறைப்பில் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். வந்த மறுநாளே, "எங்க, ஸ்கேன் படத்தக் காட்டு. மூக்காவது எங்க குடும்பத்து மூக்கான்னு பாக்கறேன்" என்றாள்.

"அது... ஆஸ்பத்திரியிலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க அண்ணி."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கள்ள டிக்கெட்டை எத்தனை பார்த்திருப்பாள்! "சரி, செருப்ப மாட்டு" என்றாள். தம்பி வேலையிலிருந்து வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அண்ணி வாசல் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் அண்ணி. ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெஞ்சு முழுக்க வயிறுகள். நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரம் வைத்த கட்டில் ஒன்று கடகடவென்று கடந்துபோனது. அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. "அண்ணி, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட கை அதைத் திறக்க மறுத்துவிட்டது.

அவள் முறை வந்தது. கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். வெளியே யாரோ கதவை இடித்தார்கள்.

"ஏம்மா, உள்ள என்ன பண்ற? நம்மளக் கூப்பிடறாங்க" என்றது அண்ணியின் குரல்.

"என்னால முடியாது அண்ணி."

"என்ன முடியாது?"

சுவரில் சாய்ந்துகொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்து அவளால் இதைச் சொல்லியிருக்க முடியாது. நடுவில் கதவு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"சின்னவ பொறந்தப்ப ஊசி வேலை செய்யல அண்ணி. மரத்துப் போறதுக்குப் போடுவாங்களே, அது. அறுக்கறது தெரிஞ்சுது. தெரியுது தெரியுதுன்னு கத்தினேன். சும்மா அழுத்தறதுதான், பயத்துல கத்தறான்னு சொன்னாங்க. கைய வேற கட்டியிருந்தாங்க. அப்புறம்தான் முழு மயக்கம் கொடுத்தாங்க. அதுக்குள்ள..."

அதற்கு மேல் வரவில்லை.   வெளியே வேறு ஒரு பெண், "சீக்கிரம் வரச் சொல்லுங்க, எனக்கு அவசரம்" என்றாள்.

"இந்தக் கதவு இப்ப திறக்காது. மாடியில ஒண்ணு இருக்கு, போங்க" என்ற அண்ணியின் குரல் கரகரத்திருந்தது. பிறகு கதவில் வாய் வைத்தது போல, மெதுவாக, "அன்னிக்கு நாங்க எல்லாரும் வெளிய காபி குடிச்சிட்டு இருந்தோம்டி. இங்கயே இரு, வரேன்" என்றாள்.

என்ன சண்டை போட்டாளோ, திரும்பி வந்தபோது கூடவே டாக்டரம்மாவும் வந்திருந்தார். "நீங்க வெளிய வர வேண்டாம்" என்றது களைத்த குரல். "அங்கயே இருந்து சொல்லுங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன்." ஸ்டூல் இழுபட்டது.

கக்கூஸ் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து வைத்தியம் பார்த்த டாக்டரை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்திருக்காது. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை.

"வலிக்கவே வலிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா மரத்துப் போச்சுன்னு நீங்க சொல்ற வரைக்கும் யாரும் கத்தியத் தொடக் கூடாதுன்னு சொல்லி வைக்கறேன். கைய யாரும் கட்ட மாட்டாங்க. தலமாட்டுல உங்க ஆள் ஒருத்தர் இருக்கலாம்."

"இவங்க இருப்பாங்களா?"

"நான் இல்லாம யாரு?" என்றாள் அண்ணி.

தைரியம் வந்துவிட்டது, திறந்தாள் என்று சொன்னால் அது கதை. நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. வலி தாளாமல்தான் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

ஸ்கேன் செய்து பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை. இன்னும் கொஞ்ச நாள் வராமல் இருந்திருந்தால், நடுத்தெருவில், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே ரத்தம் கொட்டியிருக்கலாம். அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். எந்தச் சாலைக்கு வராமல் திருப்பித் திருப்பி ஓடினாளோ, அதே சாலையில் இரும்புக் கட்டிலில் வாரக்கணக்கில் கிடந்தாள். ஜன்னலில் கம்பி. எழுந்து நடக்கக் கூடாது. கணவனிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டாள். சின்னவள் பிறந்த கதையையும் சொன்னாள். அவன் ஏசி ரிப்பேர் செய்கிறவன், பேச்சு வராதவன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அங்கே இன்னும் ஏதோ கட்டியிருப்பது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த நாளும் வந்தது. டாக்டரம்மா வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொள்ள, வேறு டாக்டர் வந்து நின்றார்.  சொல்லி வைத்ததெல்லாம் இவருக்குத் தெரியுமா? அதே வெளிச்சம், அதே குளிர். முதுகில் ஊசி இறங்கியது. மயக்க மருந்து டாக்டர் பஞ்சை நனைத்து வயிற்றில் வைத்து, "சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"லேசா தெரியத்தான் செய்யும்மா. ஆரம்பிச்சுடலாம்" என்றார் புது டாக்டர்.

  தலைமாட்டில் நின்ற அண்ணி வாயைத் திறக்கப்போனாள். அவள் அண்ணியின் விரலை இறுக்கி நிறுத்தினாள்.

"ஆரம்பிக்கக் கூடாது. எனக்குத் தெரியுது. நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு பேச்சு."

ஒரு நர்ஸ், "ஆமா டாக்டர், மேடம் சொல்லியிருக்காங்க" என்றாள். புது டாக்டருக்கு முகம் கடுத்தது. ஆனாலும் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். காத்திருந்தார்கள். பஞ்சை வைத்தார்கள், தெரிந்தது. இரண்டாவது ஊசி போட்டார்கள். அந்த அறையில் இத்தனை பேரும் தனக்காகச் சும்மா நிற்பதை அவளால் நம்ப முடியவில்லை. கால் கனத்தது, பிறகு கால் இருந்த இடமே தெரியவில்லை. பஞ்சு வைத்தார்களாம், அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப சரி" என்றாள். சொல்லும்போது பல் கிடுகிடுத்தது.

ரத்தம் போகத்தான் செய்தது. ஏற்பாடு செய்து வைத்திருந்ததை ஏற்றினார்கள். மூன்றாவதும் பெண். அழுகுரல் கேட்டதும் அவளும் அழுதாள். அது சந்தோஷமா, பயம் விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. கட்டில் சத்தம் கேட்டால் அதற்குப் பிறகும் பல நாள் உள்ளங்கை நனைந்தது.

நாலாம் நாள் காலை கணவன் வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான். எதையோ சொல்ல வந்து வந்து விழுங்கினான்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். இனி உனக்குப் பிரசவமே வேண்டாம். அடுத்த மாசம் எனக்குச் சின்னதா ஒரு ஆபரேஷன். ஆம்பளைங்களுக்குப் பண்ணுவாங்களே..."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊசியப் பாத்தாலே மயங்கி விழுவான்டி இவன்!"

அவன் அக்காவைக் கண்டுகொள்ளவில்லை. மனைவி பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, "வலிக்குமா?" என்று கேட்டான்.

தையல் இழுக்கும், சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.