முதல் பெஞ்சுக்காரரின் கால்கள்

அந்தக் காலனிப் பூங்காவில் பெஞ்சு ஒதுக்குவது ஹீமோகுளோபின் அளவை வைத்துத்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, நடைப்பயிற்சி சங்கத்தார் எல்லோரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வருவார்கள். கரும்பலகையில் எண்கள் ஏறும். அதிக எண்ணுக்குப் புங்கமர நிழலில் முதல் பெஞ்சு. குறைந்த எண்ணுக்குக் கழிப்பறைச் சுவரோரம் ஆறாவது பெஞ்சு. இதில் யாருக்கும் வருத்தமில்லை, ஆவுடையப்பனைத் தவிர.

ஆவுடையப்பன் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 10.9. ஆறாவது பெஞ்சு. செய்தித்தாள் முதல் பெஞ்சில் கிளம்பி ஆறாவதுக்கு வந்து சேரும்போது அதில் இரங்கல் விளம்பரங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவர் இறந்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரையும் அறியாமல் நாலு வருடம் வாழ்ந்தார்.

முதல் பெஞ்சில் தெய்வநாயகம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எதிர்வீட்டுக்காரர், 14.2. அவர் பேப்பரை உதறி விரிக்கிற சத்தம் ஆறாவது பெஞ்சு வரை கேட்கும். வேண்டுமென்றேதான் அப்படி உதறுகிறார் என்பது ஆவுடையப்பனின் முடிவு. கேட்கும்போதெல்லாம் அவர் வயிற்றுக்குள் யாரோ அப்பளம் பொரித்தார்கள்.

ஒருநாள் தெய்வநாயகம் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஃபோலிக் ஆசிட், ஐந்து மில்லிகிராம். மருமகள் உண்டாகியிருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது. பேத்தி பிறந்து பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள், மாத்திரை மிச்சமிருந்தது. வீணாக்க மனமில்லாமல் தினம் ஒன்றாக இவர் விழுங்கி வந்தார்.

"கீரைல இருக்க சத்துதாம்வே. கூடிட்டுன்னா மூத்திரத்துல போயிரும்" என்றார் தெய்வநாயகம்.

அவருக்கு ஒன்று என்றால் தனக்கு மூன்று என்று ஆவுடையப்பன் தீர்மானித்தார். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். அதைத் தெய்வநாயகத்துக்குச் சொன்னீரா என்று இவர் கேட்டார். இல்லை என்றார் கடைக்காரர். அப்படியானால் எனக்கும் சொல்ல வேண்டாம் என்று அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று ஆறாகியது. பிறகு இட்லிமாவில் போட்டு அரைக்கச் சொன்னார். வியர்வை மஞ்சளானது. வேட்டி மஞ்சளானது. எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள் என்று தெருவில் கேட்டார்கள். அவரிடம் இரண்டு பெண்கள் ஆசீர்வாதம் வாங்கிப் போனார்கள்.

மூன்றாம் மாதம் கரும்பலகையில் 14.9 ஏறியது. ஆவுடையப்பன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை உதறினார். புங்கமரத்திலிருந்து நாலு காக்கைகள் பறந்தன. தெய்வநாயகம் இரண்டாவது பெஞ்சுக்கு நகர்ந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் நடக்கையில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் இன்னொன்று. தரையெல்லாம் பஞ்சு பரப்பியதுபோல் இருந்தது. நகராட்சி நல்ல வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் என்ன படித்தோம் என்பது மறந்துபோனது. எண் மட்டும் மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தார். கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"செண்பகம், என் காலப் பாத்தியா?"

மனைவி அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "அஞ்சரைக்கே வாக்கிங் போயிட்டு. ஒங்கள எவ்வளவோ எழுப்பிப் பாத்துதாம். நீங்க அசையலியாம்."

"யாரு கூடப் போச்சு?"

"எதுத்த வீட்டு அண்ணாச்சி கூட."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நடப்பதற்குத் தடை ஒன்றுமில்லை. எங்கே நடக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனார். புகார்கள் எல்லாம் பின்கட்டில் என்றார்கள். பின்கட்டுக்கு ஒரு நடைவழி இருந்தது. பார்வைக்கு இருபதடிதான். ஆனால் தெய்வநாயகத்தை நினைக்கும்போதெல்லாம் அது ஓரடி நீண்டது. அவர் போய்ச்சேர நாலு மணிநேரம் ஆனது. சங்கிலி பிடித்தவர் என்பதால் நீளத்தைச் சரியாகச் சொல்ல முடியும்: ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

மேசைக்குப் பின்னால் கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு வருகைப் பதிவேடு.

"காலு இருந்துச்சுங்கதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் காட்டினார். அவள் அதை முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டாள். பிறகு பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அதில் இரண்டே வைட்டமின் பெயர்கள். பி12. ஃபோலிக் ஆசிட். இரண்டுக்கும் நேராகக் கையெழுத்து. இரண்டும் ஒரே கை.

"பி12 நாலு வருசமா வேலைக்கு வரல சார். உங்க வீட்டுல முட்டைகூடக் கிடையாது, வயசும் ஆயிட்டு. அவரு எங்கேருந்து வருவாரு? பக்கத்து சீட்டு ஃபோலிக்தான் அவருக்கும் சேத்துக் கையெழுத்துப் போடுதாரு."

"வேலை நடக்குதுல்லா?"

"ரத்த வேலைய இவரே பாத்துருதாரு. அதான் எண்ணு நல்லா இருக்கு. நரம்பு வேலை இவருக்குத் தெரியாது. அது அப்படியே கெடக்கு."

அவள் காட்டிய மூலையில் கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அடியில் இருந்தவை கரையான் அரித்துப் போயிருந்தன.

ஆவுடையப்பன் அந்த இரண்டு கையெழுத்தையும் தொழில் தெரிந்தவராகப் பார்த்தார். அவரே அளவைத் துறையில் ஒரு சிநேகிதருக்காகப் பதினோரு வருடம் கையெழுத்துப் போட்டவர். அதில் கடைசி இரண்டு வருடம் அந்தச் சிநேகிதர் உயிரோடு இல்லை. இறந்தவருக்குப் பதவி உயர்வுகூட வந்தது.

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே வரி: *என் ரத்தத்தில் ஆள் வரவில்லை.* கீழே கையெழுத்திட வேண்டும். இட்டால் மஞ்சள் மாத்திரை நிறுத்தப்படும். ஊசி போட்டு பி12-ஐ வேலைக்கு அழைத்து வருவார்கள். நிலுவைக் கோப்பெல்லாம் பார்க்க ஆறு மாதம் ஆகும். அதுவரை கரும்பலகையில் அவர் பெயருக்கு நேரே எண் கிடையாது, கோடுதான். ஆறாவதில் இடம் மிஞ்சினால் உண்டு, வேறு பெஞ்சு கிடையாது.

"போடலேன்னா?"

"எண்ணு இருக்கும். காலு அங்கயே பழகிரும். பெறகு கூப்பிட்டாலும் வராது."

"தெய்வநாயகம் போட்டாரா?"

"நேத்தே போட்டுட்டாரு. அவரு காலும் ஓடிப் போயிருந்துச்சுல்லா."

திரும்பும் வழி இன்னும் நீளமாக இருந்தது.

மறுநாள் காலை ஆவுடையப்பன் முதல் பெஞ்சில் படிவத்தோடு உட்கார்ந்தார். பேனாவை மூடியே வைத்திருந்தார். இனி அவருக்குப் போட்டி இல்லை. இந்த மாதம், அடுத்த மாதம், ஆயுசு முழுக்கப் புங்க நிழல். பேப்பரை உதறினார். யாரும் திரும்பவில்லை.

எல்லோரும் ஆறாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தெய்வநாயகம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே நாலு கால்கள். இரண்டு அவருடையவை. இரண்டு ஆவுடையப்பனுடையவை. இடது பெருவிரலில் பழைய நகச்சுத்தி வடு தெளிவாகத் தெரிந்தது. நாலும் புல்லில் நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தன. தெய்வநாயகம் ஏதோ சொல்ல, ஆவுடையப்பனின் சுண்டுவிரல் சிரித்தது. அது தன்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் வயிற்றில் அப்பளம் பொரிந்தது. ஒன்றிரண்டு அல்ல, கல்யாணப் பந்திக்கு.

அந்த மனுசனுக்கு நாலு காலா.

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் பெஞ்சு அவரைச் சரித்து இறக்கிவிட்டது. கொண்டைப் பேனாக்காரி புங்கமரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, தோளில் ஊசியைக் குத்தி, படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் தடுமாறித் தடுமாறி ஆறாவது பெஞ்சுக்குப் போனார். கால்கள் முதலில் அவரைத் தெரியாததுபோல் இருந்தன. செருப்பைக் காட்டியதும் வந்து ஒட்டிக்கொண்டன. ஒட்டியதே தவிர உணர்ச்சி இல்லை.

உட்காரப் போனார்.

"இங்க எடமில்லவே. ஒமக்கு எண்ணு எவ்வளவு?" என்றார் தெய்வநாயகம்.

"கோடு."

"எனக்கும் கோடுதான். ஆனா நான் முந்தாநாளே கோடு. நீரு மண்ணுல இரியும்."

ஆவுடையப்பன் மண்ணில் உட்கார்ந்தார். பிறகு தெய்வநாயகம் மெதுவான குரலில், தன் கால்கள் வீடு திரும்பிவிட்டன என்றும், ஆனால் கிள்ளினாலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றும் சொன்னார்.

அப்போது ஆவுடையப்பனின் வலதுகாலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தார். கட்டெறும்பு. அவர் கண்களில் நீர் வந்துவிட்டது.

"என்னவே, என்ன ஆச்சு?"

"எறும்பு கடிச்சிட்டு."

தெய்வநாயகத்தின் முகம் மாறியது. பத்து வருட எதிர்வீட்டு வாழ்க்கையில் ஆவுடையப்பன் பார்க்க ஏங்கிய முகம் அது. உதடு வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் அந்தக் கடிவாயிலேயே நின்றது.

"வலிக்கா?"

"நல்லா வலிக்கு."

"நான்லாவே மொதல்ல கையெழுத்துப் போட்டேன்." பெஞ்சிலிருந்து சறுக்கி மண்ணில் இறங்கினார். இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டினார். "எங்கேருந்துவே வந்துச்சு அந்த எறும்பு?"

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரியவில்லை அண்ணாச்சி என்றார். சொல்லிக்கொண்டே வலதுகாலை நகர்த்தி, எறும்புப் புற்றின் வாயை முழுசாக மூடி வைத்துக்கொண்டார்.