எலிகளுக்கு முன்னால் ஒரு அறிக்கை

கொரியாவின் டேஜோன் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், எலிகள் வளர்க்கும் கட்டடத்தின் சுவரோரம் ஒரு கல் நிற்கிறது. இலையுதிர் காலம் வந்தால் அதற்கு முன்னால் ஆப்பிள், அரிசிக் கேக், ஒரு தட்டு எலித்தீனி எல்லாம் படைத்து, அந்த வருடம் நாங்கள் கொன்ற எலிகளுக்குத் தலைகுனிவோம். யார் அதிக எலிகளைத் தீர்த்தார்களோ அவர்தான் முன்னால் நின்று, உங்கள் சாவால் நாங்கள் தெரிந்துகொண்டது இன்னது என்று எலிகளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பணம் கொடுக்கிற அமைச்சகத்துக்கு வாய் கூசாமல் புளுகுகிறவர்கள்கூட அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். இந்த வருடம் எங்கள் ஆய்வாளர் ஓக் மிரிமின் முறை.

இரத்தத்தில் போடுகிற மருந்தை மூளை லேசில் உள்ளே விடாது. பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாகி மூளை கெட்டுப்போகும் பிள்ளைகளுக்காக, நல்ல மரபணு ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் பொதிந்து, அந்தக் காவலை ஏமாற்றி உள்ளே அனுப்புவதுதான் மிரிமின் வேலை. துளியைச் செய்து கொடுப்பவள் நான். மிரிமுக்கு ஐம்பது வயது ஆகிறது. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூட எலிகளுக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் போனாள். போய்ச் சேர்ந்தபோது போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறாள்.

துளி எங்கே போகிறது என்று பார்க்க அதில் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்ப்போம். மூளை ஒளிர்ந்தால் துளி அங்கே போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் எலிகளின் மூளை நன்றாகவே ஒளிர்ந்தது. மரபணு மட்டும் அங்கே வேலை செய்த மாதிரியே தெரியவில்லை. லாரி வாசலுக்கு வந்துவிட்டது, சரக்கை இறக்குவதில்தான் சிக்கல் என்று நினைத்தோம். இறக்கும் வழியைத் தேடியே பன்னிரண்டு வருடம் துளியை மாற்றி மாற்றிச் செய்தோம். போன வருடம் அதே நோயுள்ள ஒரு கூண்டு எலிகள் கொஞ்சம் நன்றாக நடந்தன. அதைப் பார்த்து மிரிம் அழுதாள், நானும் அழுதேன். அடுத்தது குரங்கு, அப்புறம் பிள்ளைகள் என்று பேச்சு கிளம்பியது.

பிள்ளைகள் என்றால் எங்களுக்கு முதலில் போரா. ஒன்பது வயதுப் பெண். நடை போய், பேச்சு போய், இப்போது விழுங்கவும் முடியாமல் படுத்திருக்கிறாள். அவள் அம்மா எல்லா வருடமும் எங்கள் சடங்குக்கு வருவாள், கேக்கும் அவளே செய்துகொண்டு வருவாள். சிவப்புப் பயறு தூவினால் எலிகளின் ஆவிகள் ஓடிப்போய்விடும் என்று அதைத் தூவாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும் அது. போராவுக்கு மூச்சு திணற ஆரம்பித்திருந்தது. தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் ஓரிரு வருடம் இழுக்கலாம், ஆனால் துளை போட்ட நாளிலிருந்து குழந்தைக்குக் கட்டிலும் இயந்திரமும்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போரா அம்மா யோசிக்கவே இல்லை. ஓரிரு வருடத்தில் மிரிமின் மருந்து வந்துவிடும் என்று நம்பி அறுவைக்கு நாள் குறித்துவிட்டாள்.

ஆய்விதழுக்கு நாங்கள் அனுப்பிய கட்டுரையைச் சரிபார்த்த யாரோ ஒருத்தர், துளி இல்லாமல் வெறும் சாயத்தை மட்டும் ஊசியில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். மிரிமுக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்து முடித்தாயிற்று. ஆனால் அது பழைய சாயம். அந்த வருடமே அந்தச் சாயத்தைச் செய்கிற கம்பெனி அதை நிறுத்தியதும் வேறொன்றுக்கு மாறினோம். மாறிய பிறகு வெறும் சாயத்தைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது போட்டாள். மூளை அதே மாதிரி ஒளிர்ந்தது. சாயம் துளியிலிருந்து கழன்று தானாகவே மூளைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் துளி ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தக் கூண்டு எலிகள் நன்றாக நடந்தது சும்மா தற்செயல். வராத லாரியிலிருந்து சரக்கு இறக்கப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறோம். மிரிம் திரையை அணைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சடங்கு அன்று காலை அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"போன வருஷம் வாசிச்சாங்கல்ல, அதுலயே நாலு வரிய மாத்தி வாசிச்சுட்டு இறங்கிடு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"வியாழக்கிழம போராவுக்குத் தொண்டையில தொள போடுறாங்க அக்கா. அப்புறம்னா எப்போ?"

"அப்ப அவ அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லேன். இத்தன பேர் முன்னாடியா சொல்லுவ?"

"பண்ணேன். ஒவ்வொரு தடவையும் அவங்க 'டாக்டர், சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறாங்க. சாப்பிட்டேன்னு சொல்லிட்டு போன வெச்சுடறேன்."

கல்லுக்கு முன்னால் எல்லாரும் கறுப்பு உடையில் கைகட்டி நின்றோம். போரா அம்மா கேக்கை வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து நின்றாள். மிரிம் வழக்கமான மரியாதைச் சொற்களோடு ஆரம்பித்தாள். அடுத்து வெறும் சாயத்தின் கதையை ஒன்றுவிடாமல் எலிகளுக்குச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"உங்க மூளைக்கு நாங்க எதையுமே கொண்டுபோய்ச் சேக்கல. சேத்துட்டதா நெனச்சு உங்களக் கொன்னுக்கிட்டே இருந்தோம். இந்த வழியில மருந்து வராது. நான் இருக்கற வரைக்கும் வராது. இதுக்காகக் காத்திருக்கறவங்க யாரும் இனிமே காத்திருக்க வேணாம்."

ஆய்வுக்கூட இயக்குநர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராகப் போய் வெள்ளைச் சாமந்தி வைத்துக் குனிந்தோம். போரா அம்மாவும் வைத்தாள், குனிந்தாள். நேராக மிரிமிடம் வந்தாள்.

"கடைசில சொன்னது எனக்குத்தானே டாக்டர்?"

மிரிம் ஆமென்று தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவளைப் போரா அம்மா கையமர்த்திவிட்டாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. அவள் ரெண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மூளைக்குப் போகலன்னா, போட்டதெல்லாம் எங்கதான் போச்சு?"

"கல்லீரலுக்கு."

போரா அம்மா இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"அப்ப கல்லீரல்ல கோளாறு இருக்கற கொழந்தைங்களுக்காவது ஆகும்ல? எம் பொண்ணுக்கு இல்லன்னா போகுது. யாரோ ஒரு கொழந்தைக்கு?"

ஆமென்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் நான் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே.

"இல்லம்மா," என்றாள் மிரிம். "எதப் போட்டாலும் கல்லீரல் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கு மருந்து மத்தவங்க எப்பவோ பண்ணிட்டாங்க. நாங்க புதுசா ஒண்ணுமே பண்ணல."

போரா அம்மா சரியென்று தலையசைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள். மருத்துவமனைக்குத்தான் பேசினாள். குழந்தையின் பெயரைச் சொன்னாள். வியாழக்கிழமை அறுவைக்கு வரவில்லை, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல," என்றாள். "வேற தேதி வேணாம்."